ரூட் பார்ட்டிஷன் 100%: லாக் ஃபைலை அழித்த பிறகும் இடம் திரும்பி வரவில்லை

முசிறி_ஜெராக்ஸ்

வணக்கம். கடையில் ஓடுவது உபுண்டு 22.04 போட்ட பழைய லேப்டாப். சிஸ்டம் இருக்கும் ரூட்டுக்கு 30 ஜிபி, நம் ஃபைல்கள் இருக்கும் ஹோமுக்கு 200 ஜிபி என்று பிரித்துக் கொடுத்துவிட்டு மகன் கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போய்விட்டான். நான் கணினி படித்தவள் இல்லை. ஆனால் டைப்ரைட்டிங் ஹையர் முடித்திருக்கிறேன், கட்டளையைச் சொன்னால் எழுத்து பிசகாமல் தட்டிவிடுவேன்.

இன்று காலை பாஸ்வேர்ட் போட்டால் திரை ஒரு நொடி கறுத்துவிட்டு மறுபடியும் பாஸ்வேர்ட் கேட்கும் இடத்துக்கே வந்து நிற்கிறது. தப்பான பாஸ்வேர்ட் என்றும் சொல்லவில்லை. மகனுக்குப் போன் போட்டேன். கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தச் சொன்னான். கறுப்புத் திரை வந்தது, அதில் உள்ளே போக முடிந்தது. டிஎஃப் -எச் தட்டினால் ரூட்டுக்கு அளவு 29ஜி, பயன்பாடு 28ஜி, மீதி 0, 100% என்று காட்டுகிறது. ஹோம் 41% தான்.

பிறகு அவன் சொன்னபடி டியு போட்டுப் பார்த்ததில், சிஸ்டம் தன் நடப்புகளைக் குறித்துவைக்கும் /வார்/லாக் மட்டும் 14ஜி. அதற்குள் சிஸ்லாக் 6.9ஜி, கெர்ன்.லாக் 6.8ஜி. கெர்ன்.லாக்கை ஆர்எம் போட்டு நீக்கச் சொன்னான், நீக்கினேன். எல்எஸ் போட்டால் ஃபைலைக் காணோம். ஆனால் டிஎஃப்பில் அதே 28, அதே 0. அதற்குள் மீட்டிங் என்று போனை வைத்துவிட்டான்.

அந்த ஏழு ஜிபி எங்கே போனது? சிஸ்லாக்கையும் இதே மாதிரி அழிக்கலாமா? ஹோமில் அவ்வளவு இடம் சும்மா கிடக்கிறதே, அதில் கொஞ்சம் எடுத்து ரூட்டுக்குக் கொடுக்க முடியாதா? இன்னொன்று, 29இல் 28 போனால் ஒன்று மீதி இருக்க வேண்டுமே, ஏன் 0 என்கிறது? ஹால் டிக்கெட் எடுக்கப் பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள், யாராவது சீக்கிரம் சொல்லுங்கள்.


பென்குயின்93

அக்கா, ரொம்ப யோசிக்காதீங்க. சூடோ ஆப்ட் கிளீன், அப்புறம் சூடோ ஆப்ட் ஆட்டோரிமூவ். டெம்ப் ஃபோல்டரைக் காலி பண்ணுங்க. /வார்/லாக் மொத்தத்தையும் தூக்கிடுங்க. சொல்லப்போனால் /வார் முழுக்கவே தற்காலிக ஃபைல்தான், அதையே அழிச்சாலும் ஒன்னும் ஆகாது.


லேப்_இன்சார்ஜ்

அக்கா, மேலே இருக்கும் பதிலின் கடைசி வரியை மட்டும் தயவுசெய்து செய்துவிடாதீர்கள். /வார் தற்காலிக இடம் இல்லை. /வார்/லிப்/டிபிகேஜி என்ற ஃபோல்டரில்தான் உங்கள் இயந்திரத்தில் என்னென்ன மென்பொருள் நிறுவியிருக்கிறது என்ற பட்டியலே இருக்கிறது. அது போனால் மென்பொருள் நிறுவும் ஆப்ட்டுக்குக் கண் தெரியாது, பிறகு மறு நிறுவல்தான் வழி. /வார்/லாக் ஃபோல்டரையும் அடியோடு தூக்கக் கூடாது. சில சேவைகள் தங்களுக்கான துணை ஃபோல்டர் அங்கே இல்லாவிட்டால் எழும்பவே எழும்பாது. எங்கள் கல்லூரி லேபில் இப்படி ஒரு மாணவர் ‘சுத்தம்’ செய்த சர்வரை எழுப்ப ஒரு சனிக்கிழமை முழுவதும் போனது.

இப்போது உங்கள் ஏழு ஜிபி. ஆர்எம் என்பது ஃபைலின் பெயரைத்தான் நீக்குகிறது. உள்ளே இருக்கும் தரவு எப்போது விடுபடும் என்றால், அதற்குப் பெயரும் இருக்கக் கூடாது, அதைத் திறந்து வைத்திருக்கும் நிரலும் இருக்கக் கூடாது. லாக் எழுதும் ஆர்சிஸ்லாக் என்ற சேவை இயந்திரம் எழுந்ததிலிருந்தே கெர்ன்.லாக்கைத் திறந்து வைத்துக்கொண்டிருக்கிறது. ரேஷன் கார்டில் பெயரை அடித்துவிட்டீர்கள், ஆள் இன்னும் வீட்டுக்குள்தான் இருக்கிறார். டியு பெயர் பெயராகப் போய்க் கூட்டுவதால் அவர் அதன் கண்ணில் படமாட்டார். டிஎஃப் பார்ட்டிஷனிடமே கேட்கிறது, அது உள்ளதைச் சொல்கிறது. இரண்டும் ஜிபி கணக்கில் முரண்பட்டால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

கட்டளைகளை உச்சரிப்பில் எழுதுகிறேன், டெர்மினலில் ஆங்கிலச் சின்ன எழுத்தில் தட்டுங்கள். முதலில்

சூடோ எல்எஸ்ஓஎஃப் +எல்1

இதில் கூட்டல் குறிக்குப் பின்னால் வரும் எல் மட்டும் பெரிய எழுத்து, அடுத்தது எண் ஒன்று. வரும் பட்டியலில் ஆர்சிஸ்லாக்டி என்று தொடங்கி கடைசியில் டெலிடெட் என்று முடியும் ஒரு வரி இருக்கும். அதுதான் உங்கள் ஏழு ஜிபி. இருந்தால்

சூடோ சிஸ்டம்சிடிஎல் ரீஸ்டார்ட் ஆர்சிஸ்லாக்

உடனே டிஎஃப் பாருங்கள். லேப்டாப்பை அணைத்துப் போட்டாலும் இதே பலன்தான். ஆனால் இப்போதைக்கு அணைக்க வேண்டாம், முதலில் அடுத்த பத்தியில் சொல்வதைச் செய்யுங்கள்.

சிஸ்லாக்கை அழிக்காமல், ஃபைலை அப்படியே வைத்துக்கொண்டு உள்ளே இருப்பதை மட்டும் காலி செய்ய வேண்டும்: சூடோ ட்ரங்கேட் -எஸ் 0 /வார்/லாக்/சிஸ்லாக். இடம் அந்த நிமிடமே வந்துவிடும், சேவையை மறுதொடக்கம் செய்யவும் தேவையில்லை. ஆனால் காலி செய்வதற்கு முன் சூடோ டெயில் -என் 20 /வார்/லாக்/சிஸ்லாக் போட்டு கடைசி இருபது வரியைப் பாருங்கள். கைப்பேசியில் படம் எடுத்துவைத்துக்கொண்டு இங்கே எழுதுங்கள். ஒரு ஜெராக்ஸ் கடை லேப்டாப்புக்கு ஏழு ஜிபி லாக் எழுதும் அளவுக்குப் பேச விஷயம் கிடையாது. ஏதோ ஒன்று ஓயாமல் கத்திக்கொண்டிருக்கிறது. அது எது என்று தெரியாமல் காலி செய்தால் மறுபடியும் நிரம்பும்.

அந்த ஒரு ஜிபி: எக்ஸ்ட்4 (லினக்ஸின் வழக்கமான ஃபைல் அமைப்பு) பார்ட்டிஷனை உருவாக்கும்போதே வழக்கமாக 5% இடம் ரூட் பயனருக்கு, அதாவது சூடோ போட்டால் கிடைக்கும் நிர்வாகி உரிமைக்கு, என்று ஒதுக்கப்படும். 30 ஜிபிக்கு அது ஒன்றரை. டிஎஃப் -எச் எண்களை மேல்நோக்கி முழுமையாக்கிக் காட்டுவதால் 27.5 என்பது 28 ஆகத் தெரிகிறது. மீதி ஒதுக்கீட்டில் இருக்கிறது, சாதாரணப் பயனருக்கு அதைத் தொட அனுமதி இல்லை. நீங்கள் பாஸ்வேர்ட் போட்டதும் திரும்பி வந்ததும் இட நெருக்கடியால்தான். டெஸ்க்டாப் எழும்போது சில சின்ன ஃபைல்களையாவது எழுத வேண்டும், எழுத இடம் இல்லாததால் மறுபடி வாசலிலேயே விட்டுவிடுகிறது.


முசிறி_ஜெராக்ஸ்

சார், நீங்கள் சொன்னபடியே டெலிடெட் வரி இருந்தது! ரீஸ்டார்ட் கொடுத்ததும் மீதி 6.8ஜி என்று வந்துவிட்டது. டெஸ்க்டாப்பிலும் நுழைந்துவிட்டேன். ஹால் டிக்கெட் எல்லாம் கொடுத்து அனுப்பியாயிற்று.

சிஸ்லாக்கின் கடைசி வரிகள் எல்லாம் ஒரே மாதிரிதான். பிசிஐஇபோர்ட் என்று ஓர் எண், பிறகு ‘பிசிஐஇ பஸ் எர்ரர்: சிவியாரிட்டி=கரெக்டட், டைப்=ஃபிசிக்கல் லேயர்’, அடுத்த வரியில் ஆர்எக்ஸ்எர். நேரத்தைப் பார்த்தால் ஒரே நொடிக்குள் பத்துப் பன்னிரண்டு வரிகள். எர்ரர் என்றால் ஹார்டு டிஸ்க் போகப்போகிறதா? படம் எடுத்துவைத்துக்கொண்டு சிஸ்லாக்கையும் ட்ரங்கேட் செய்துவிட்டேன், இப்போது மீதி 13ஜி சொச்சம்.


லேப்_இன்சார்ஜ்

டிஸ்க் போகவில்லை. நிம்மதியாக இருங்கள்.

கரெக்டட் என்றால் பிழை வந்தது, ஹார்டுவேரே அதைச் சரிசெய்துகொண்டது என்று பொருள். மதர்போர்டுக்கும் வைஃபை கார்டு மாதிரியான உதிரிக்கும் நடுவில் ஓடும் பிசிஐஇ இணைப்பு, மின்சாரம் சேமிக்க அவ்வப்போது தூங்கி எழும். அந்தத் தூக்கத்துக்கு ஏஎஸ்பிஎம் என்று பெயர். சில லேப்டாப்களில் தூங்கி எழும் நேரத்தில் ஒரு சிக்னல் பிசகி, திரும்ப அனுப்பப்பட்டு, சரியாகிவிடும். பயனருக்கு ஒன்றுமே தெரியாது. ஆனால் சிஸ்டத்தின் மையமான கெர்னல் ஒவ்வொரு முறையும் அதைக் கடமையாகக் குறித்துவைக்கும். கெர்னல் எழுதும் ஒவ்வொரு வரியும் உபுண்டுவில் மூன்று இடத்துக்குப் போகிறது: சேவைகளை நடத்தும் சிஸ்டம்டியின் ஜர்னல், சிஸ்லாக், கெர்ன்.லாக். உங்கள் இரண்டு ஃபைலும் கிட்டத்தட்ட ஒரே அளவில் இருந்தது அதனால்தான்.

இதில் ஜர்னல் மட்டும் மரியாதை தெரிந்தது. பார்ட்டிஷனில் 10%க்கு மேல் எடுக்காது, அதிகபட்சம் 4 ஜிபி, போதாததற்கு 15% காலியாக விடவும் பார்க்கும். சிஸ்லாக்குக்கும் கெர்ன்.லாக்குக்கும் அப்படி எந்த வரம்பும் இல்லை. லாக்ரொடேட் என்ற நிரல் வாரத்துக்கு ஒரு முறை பழையதை மடித்துவைக்கும், அவ்வளவுதான். ஒரு வாரத்துக்குள் நிரம்பினால் அதற்குத் தெரியாது.

சரி, வைத்தியம். இணையத்தில் தேடினால் எல்லோரும் பிசிஐ=நோஏஇஆர் போடு என்பார்கள். அது பிழை அறிக்கையையே மூடிவிடும். நாளைக்கு உண்மையிலேயே கார்டு கெட்டாலும் வாய் திறக்காது. நான் முதலில் பிசிஐஇ_ஏஎஸ்பிஎம்=ஆஃப் போட்டுப் பார்ப்பேன். தூக்கத்தை நிறுத்தினால் பிழையே வராமல் போகிறதா என்று தெரிந்துவிடும். பேட்டரி கொஞ்சம் சீக்கிரம் இறங்கும், கடையில் எப்போதும் சார்ஜரில்தானே இருக்கும்.

நிரந்தரமாக எழுதுவதற்கு முன் ஒரு தடவை சோதிக்கலாம். லேப்டாப் எழும்போது எஸ்கேப் தட்டினால் கிரப் (சிஸ்டத்தை எழுப்பும் நிரல்) மெனு வரும், சிலவற்றில் ஷிஃப்ட். முதல் வரியில் நின்று இ அழுத்துங்கள். லினக்ஸ் என்று தொடங்கி குவைட் ஸ்பிளாஷ் என்று வரும் வரியில், ஸ்பிளாஷுக்குப் பின் ஓர் இடைவெளி விட்டு பிசிஐஇ_ஏஎஸ்பிஎம்=ஆஃப். எஃப்10 அழுத்தினால் எழும். இது அந்த ஒரு முறைக்கு மட்டும்தான், தப்பாகப் போனாலும் அணைத்துப் போட்டால் பழையபடி வந்துவிடும். எழுந்த பிறகு சூடோ டெயில் -எஃப் /வார்/லாக்/சிஸ்லாக் போட்டுவிட்டுச் சும்மா பாருங்கள். வரிகள் கொட்டாமல் இருந்தால் சரி. பிறகு சூடோ நானோ /ஈடிசி/டிஃபால்ட்/கிரப் திறந்து, குவைட் ஸ்பிளாஷ் இருக்கும் மேற்கோளுக்குள்ளேயே அதே சொல்லைச் சேர்த்துச் சேமித்து, சூடோ அப்டேட்-கிரப் கொடுங்கள். இதிலும் கொட்டினால் மட்டும் நோஏஇஆர் பக்கம் போகலாம்.


டெபியன்_தாத்தா

இன்சார்ஜ் நோயைப் பிடித்துவிட்டார். அம்மா கேட்ட இன்னொரு கேள்வி அப்படியே நிற்கிறது, ஹோமிலிருந்து ரூட்டுக்கு இடம் மாற்றுவது. முடியும். ஆனால் வேண்டாம்.

வழக்கமாக ரூட் முன்னாலும் ஹோம் பின்னாலும் இருக்கும். ரூட் பெரிதாக வேண்டுமானால் அதை ஒட்டிய இடம்தான் உதவும். அப்படியென்றால் ஹோமின் முன்பக்க எல்லையைத் தள்ள வேண்டும், அதற்கு உள்ளே உள்ள தரவு முழுவதையும் நகர்த்த வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் உபுண்டுவிலிருந்து செய்ய முடியாது. ஜிபார்ட்டட் உள்ள லைவ் யுஎஸ்பியில் எழுப்பிச் செய்ய வேண்டும். மணிக்கணக்கில் ஓடும். நடுவில் கரண்ட் போய், பழைய பேட்டரியும் கைவிட்டால் வாடிக்கையாளர் ஃபைல் எல்லாம் அம்போ. முழு பேக்கப் இல்லாமல் நினைத்தே பார்க்காதீர்கள்.

அதைவிட, ரூட்டில் கிடக்கும் பாரத்தை ஹோமுக்குத் தூக்குவது எளிது. உபுண்டுவை நிறுவும்போது ரூட்டில் சுவாப்ஃபைல் (ரேம் போதாதபோது கைகொடுக்கும் ஃபைல்) என்று ஒன்று வைக்கும், பெரும்பாலும் 2 ஜிபி. எல்எஸ் -எல்எச் /சுவாப்ஃபைல் போட்டால் தெரியும். சுவாப்ஆஃப் கொடுத்து நிறுத்திவிட்டு, ஹோமில் அதே அளவில் புதிதாக ஒன்று உருவாக்கி, சிமோட் 600 கொடுத்து, எம்கேசுவாப் போட்டு, எஃப்எஸ்டேப்பில் பாதையை மாற்றி, சுவாப்ஆன். அது வேலை செய்வதைப் பார்த்த பிறகு பழையதை நீக்குங்கள். மகன் ஊருக்கு வரும்போது செய்யச் சொல்லுங்கள், அவசரம் இல்லை.

மென்பொருளைப் பொட்டலமாகத் தரும் ஸ்னாப் இன்னொரு தின்னி. 22.04இல் ஃபயர்பாக்ஸே ஸ்னாப்தான். ஒவ்வொன்றிலும் இப்போதையது போக பழைய பதிப்பு ஒன்றையும் பத்திரமாக வைத்திருக்கும். ஸ்னாப் லிஸ்ட் --ஆல் போட்டால் டிசேபிள்ட் என்று காட்டுபவை அவை. க்னோம் பிளாட்ஃபார்ம் மாதிரியானவை ஒவ்வொன்றும் நூற்றுக்கணக்கான எம்பி. சூடோ ஸ்னாப் ரிமூவ் பெயர் --ரிவிஷன்=எண் என்று, டிசேபிள்ட் வரியில் உள்ள எண்ணை மட்டும் கொடுத்து நீக்கலாம். இதோடு, டிஎஃப்பில் கடைசியில் /ஸ்னாப் என்று தொடங்கும் பாதை உள்ள வரிகள் எல்லாம் 100% என்று காட்டுவதைப் பார்த்து யாரும் பதற வேண்டாம். அவை படிக்க மட்டுமான அமுக்கிய ஃபைல்கள், எப்போதுமே நூறுதான்.

கடைசியாக, அந்த 5% ஒதுக்கீடு. டியூன்2எஃப்எஸ் -எம் 0 கொடுத்தால் ஒன்றரை ஜிபி இலவசம். நான் பல வருடமாக அப்படித்தான் வைத்திருக்கிறேன்.


லேப்_இன்சார்ஜ்

தாத்தா, மற்றதெல்லாம் சரி, ரூட்டில் பூஜ்யம் என்பதை ஏற்க மாட்டேன். இன்று அம்மாவின் டெஸ்க்டாப் வாசலில் நின்றபோது சூடோவால் எழுத ஓர் ஓரம் மிச்சம் இருந்தது அந்த ஒதுக்கீட்டால்தான். வேண்டுமானால் 1% ஆக்குங்கள், 300 எம்பி போதும். ஆனால் ஹோமில் அந்த 5% சுத்த வீண். 200 ஜிபியில் பத்து ஜிபி. அங்கே தாராளமாகப் பூஜ்யம் வைக்கலாம். டிஎஃப்பின் முதல் நெடுவரிசையில் ஹோமுக்கு நேரே என்ன சாதனப் பெயர் இருக்கிறதோ அதைக் கொடுக்க வேண்டும், இயந்திரம் ஓடும்போதே செய்யலாம்.


சும்மா_பார்ப்பவன்

நடுவில் புகுந்ததற்கு மன்னிக்கவும். எனக்கு டிஎஃப் -எச்சில் 38% காலி காட்டுகிறது, ஆனால் ‘நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்’ என்கிறது. வாடகை சர்வர், பிஎச்பி தளம் ஓடுகிறது. இதுவும் டெலிடெட் விவகாரமா?


லேப்_இன்சார்ஜ்

இல்லை, அப்படியிருந்தால் டிஎஃப்பும் நிறைந்ததாகத்தான் காட்டும். டிஎஃப் -ஐ போடுங்கள், ஐநோடு (ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒன்று வேண்டிய பதிவு) தீர்ந்திருக்கும். எக்ஸ்ட்4இல் எத்தனை ஃபைல் வைக்கலாம் என்பது பார்ட்டிஷன் உருவாக்கும்போதே முடிவாகிவிடும். பிஎச்பி செஷன் ஃபோல்டரில் லட்சக்கணக்கில் குட்டிக் குட்டி ஃபைல் சேர்ந்திருக்கிறதா பாருங்கள். சூடோ டியு --ஐநோட்ஸ் -எக்ஸ் /வார் போட்டால் எந்த ஃபோல்டரில் குவிகிறது என்று காட்டும். தனி இழையாகக் கேட்டால் விரிவாக எழுதுகிறேன்.


முசிறி_ஜெராக்ஸ்

இ அழுத்தி மாற்றி எழுப்பினேன் சார். டெயில் போட்டுவிட்டு இரண்டு பேருக்கு பிரின்ட் எடுத்துக் கொடுத்துவிட்டு வந்து பார்த்தால் புதிதாக ஒரு பஸ் எர்ரர்கூட இல்லை. கிரப்பிலும் எழுதி அப்டேட் கொடுத்துவிட்டேன். தாத்தா ஐயா சொன்ன ஸ்னாப் பழசுகளையும் நீக்கினேன், ஃபயர்பாக்ஸில் ஒன்று, க்னோமில் ஒன்று என்று நன்றாகவே வந்தது. சுவாப் வேலையை மகனுக்கு விட்டுவிட்டேன். தம்பி சொன்ன ஆப்ட் கிளீனிலும் 600 எம்பி வந்தது, அவரையும் சும்மா சொல்லக் கூடாது.

ஒரு சந்தேகம் மட்டும். ஸ்னாப்பைப் பார்த்த கையோடு டியு போட்டதில் /வார்/ஸ்பூல்/கப்ஸ் 1.1ஜி என்று வருகிறது. இது என்ன, அழிக்கலாமா?


லேப்_இன்சார்ஜ்

அது அச்சு வரிசை. நீங்கள் பிரின்ட் கொடுக்கும் ஒவ்வொரு ஃபைலின் நகலும் அங்கே போகும், டி என்ற எழுத்தில் தொடங்கும் பெயரோடு. முடிந்த வேலைகளின் நகல் வழக்கமாக ஒரு நாள் இருந்துவிட்டுத் தானே போய்விடும். ஒரு ஜிபிக்கு மேல் நிற்கிறது என்றால் பெரிய பிடிஎஃப்கள் நிறைய ஓடியிருக்க வேண்டும், அல்லது முடியாமல் தொங்கும் வேலைகள் இருக்கின்றன. எல்பிஸ்டாட் -ஓ தட்டினால் தொங்குபவை தெரியும். பிரின்டர் சும்மா இருக்கும் நேரமாகப் பார்த்து கேன்சல் -ஏ -எக்ஸ் கொடுங்கள், வரிசையும் அதன் நகல்களும் சேர்ந்தே போய்விடும். ஃபோல்டருக்குள் போய்க் கையால் ஆர்எம் வேண்டாம். வாடிக்கையாளரின் ஆதார், மதிப்பெண் பட்டியல் எல்லாம் அந்த நகல்களில் இருக்கும் என்பதால் இதை அவ்வப்போது செய்வது வேறு வகையிலும் நல்லது.

லாக் பக்கம் இன்னும் இரண்டு வேலை பாக்கி. /ஈடிசி/லாக்ரொடேட்.டி/ஆர்சிஸ்லாக் ஃபைலைத் திறந்து வீக்லி என்ற சொல்லுக்குக் கீழே மேக்ஸ்சைஸ் 200எம் என்று ஒரு வரி சேருங்கள். இங்கே எம் பெரிய எழுத்து. லாக்ரொடேட் தினமும் ஒரு முறை எழுந்து பார்க்கும், 200 எம்பி தாண்டியிருந்தால் வாரம் முடியும்வரை காத்திருக்காது. அடுத்து /ஈடிசி/ஆர்சிஸ்லாக்.டி/50-டிஃபால்ட்.கான்ஃப் ஃபைலில் கெர்ன் என்று தொடங்கி கெர்ன்.லாக்கில் முடியும் வரிக்கு முன்னால் ஒரு ஹேஷ் குறி போட்டு, ஆர்சிஸ்லாக்கை மறுபடி ரீஸ்டார்ட் கொடுங்கள். கெர்னல் செய்திகள் எப்படியும் சிஸ்லாக்கில் இருக்கின்றன, அதே வரியை இன்னொரு ஃபைலில் வைத்துக்கொள்ள உங்கள் 30 ஜிபியில் இடம் கிடையாது.